என்னைக் கேட்காமல் நகர்ந்த கை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் நலம், நீயும் நலமென்றே நம்புகிறேன், நம்பாமல் என்ன செய்வது, போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் நல்லா இருக்கேன் என்பாய். அண்ணனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, தலைகால் புரியவில்லை அவனுக்கு.

சலவைக்கடை மாடியில் நான் தியானத்துக்குப் போவது உனக்குத் தெரியும். கீழே துணி மடிக்கும் தம்பி, சிறையிலிருந்து வந்தவர், தானும் வந்து உட்காரலாமா என்று கேட்டபோது மற்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். நான்தான் மல்லுக்கு நின்று சேர்த்து, பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. போன வாரம் அவர், வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். எனக்கு மனசே ஆறவில்லை, யார் என்ன சொன்னீர்கள் என்று ஒவ்வொருவரையும் பிடித்துக் கேட்டேன். மறுநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடப் போனவள் தற்செயலாகக் குனிந்தால், என் கை என் கைப்பையை அவர் பக்கமிருந்து எடுத்து இந்தப் பக்கம் வைத்துக்கொண்டிருக்கிறது. என்னைக் கேட்கவே இல்லையடி! தினமும் இதைத்தான் செய்திருக்கிறது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷம் எனக்குள்ளே பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்தேனே, பையை நகர்த்தும் இவள் எங்கே ஒளிந்திருந்தாள்? வெட்கம் வந்தது, அதைவிடப் பெரிய வியப்பு வந்தது.

படியிறங்கும்போது அவரிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு முதல் நாளே தெரியுமாம். எப்போதும் இரண்டு உள்ளங்கையையும் விரித்து முழங்காலில் வைத்துத்தான் உட்காருவார், ஏதோ முத்திரை என்று நினைத்திருந்தேன். "கண்ணத் தெறந்தா என் கை எங்க இருக்குன்னு உங்களுக்கெல்லாம் தெரியணும்லக்கா" என்றார். அவர் கண்ணை மூடியதே இல்லையாம். என் கை இனியும் நகரும் தம்பி, ஆனால் நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன், நீங்கள் வந்துதான் ஆகவேண்டும் என்றேன்.

வெள்ளியும் வந்தார், திங்களும் வந்தார். என் கை கைப்பையின் வாரைப் பிடித்தது, பிடித்ததைப் பார்த்தேன், விட்டது. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் குறட்டை. பார்த்தால் தம்பி சுவரில் சாய்ந்து நன்றாகத் தூங்குகிறார், கைகள் இரண்டும் போட்டது போட்டபடி மடியில் கிடக்கின்றன. எழுப்ப வந்தவரைச் சைகையால் தடுத்துவிட்டேன். அந்த அறையில் இதுவரை அப்படி ஒரு அமைதியை நான் அனுபவித்ததே இல்லை, கண்ணில் நீர் முட்டியது. தூங்குவதுதான் தியானமென்றால் நான் என்றைக்கோ ஞானி என்கிறார் உன் அப்பா.

கண் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. நோய்நொடி இல்லாமல், நாலு பேர் நடுவே பயமில்லாமல் தூங்கும்படி இரு என் கண்ணே.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா