ஏழாம் தலைவரின் வயது எண்பத்து நான்கு அல்ல

அனுப்புநர்:
ஏழாவது நாட்டுத் தலைவரின் மனைவி,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
கதவு எண் 27 (வாசலில் இப்போது 2 மட்டுமே தெரியும்; காரணம் கடைசிப் பத்தியில்),
நீதிமன்றப் பின்தெரு.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
தலைவர்கள் மண்டபத் துறை,
தலைமைச் செயலகம், மூன்றாம் மாடி.

பொருள்: மண்டபப் பலகையில் என் கணவர் வாழ்ந்த வயதைத் திருத்தக் கோருதல் – ஐந்தாம் முறை – தொடர்பாக.

பார்வை: என் முந்தைய நான்கு மனுக்கள். தங்கள் பதில் கடிதம் எதுவும் வராததால் அதன் எண்ணைக் குறிப்பிட இயலவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் மண்டபத்தின் நுழைவாயிலில் உள்ள கருங்கல் பலகையில், இந்நாட்டுத் தலைவர்களின் பெயர், பதவிக்காலம், வாழ்ந்த வயது ஆகியவை பித்தளை எழுத்துகளில் பொருத்தப்பட்டுள்ளன. ஏழாவது வரி என் கணவருடையது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஆறாவது தலைவர் பதவியிலேயே காலமானபோது, சபாநாயகராக இருந்த என் கணவர் நாற்பத்தொரு நாள் தலைவர் பொறுப்பில் இருந்தார். அவர் வரியில் வாழ்ந்த வயது 84 என்று உள்ளது. அவர் இம்மாதம் ஏழாம் தேதிதான் காலமானார். அவருக்கு வயது 87.

2. இந்தத் தவறு நேர்ந்த விதத்தைத் தங்கள் அலுவலகத்திலேயே கேட்டறிந்தேன். ஒரு தலைவர் இறந்தால் அன்று மாலைக்குள் அவர் வயது பலகையில் ஏறிவிட வேண்டும் என்பது விதி. பித்தளை எண்கள் வார்த்து வர நான்கு மாதம் ஆகுமாம். எனவே உயிரோடிருக்கும் முன்னாள் தலைவருக்கு உத்தேசமாக ஒரு வயதைக் கணித்து, எண்களை வார்த்து, உறையிலிட்டு மேசை இழுப்பறையில் தயாராக வைப்பது தங்கள் துறையின் வழக்கம். பதவியில் இருப்பவருக்கு மட்டும் உறை கிடையாதாம், மரியாதைக்காக. மூன்று ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் வருகிறார் என்று எண்களையெல்லாம் கழற்றித் துலக்கினார்கள். திரும்பப் பொருத்திய தற்காலிகப் பணியாளர் ஏழாவது வரியில் காலியிடத்தைக் கண்டார். இழுப்பறையில் ‘ஏழு’ என்று எழுதிய உறையைக் கண்டார். பொருத்திவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த அலுவலகத்தில் வேலையை முடித்தவர் அவர் ஒருவர்தான்.

3. எண்பத்து நான்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். முதல் ஆறு தலைவர்கள் வாழ்ந்த வயதின் சராசரி என்றார்கள். 79, 91, 88, 76, 85, 85. நானே கூட்டி வகுத்துப் பார்த்தேன், கணக்கு சரிதான். ஆனால் ஐயா, அந்த ஆறு பேரில் ஒருவர்கூட 84 வயதில் சாகவில்லை என்பதைத் தங்கள் துறையில் யாரும் கவனிக்கவில்லையா? முப்பத்தோராண்டு கணக்குப் பாடம் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன்: சராசரியை வைத்துப் பாடை கட்டக் கூடாது.

4. முதல் மனுவுடன் என் கணவரையே நேரில் அழைத்து வந்தேன். கைத்தடியோடு மூன்று மாடி ஏறினார். பிரிவுக் கண்காணிப்பாளர் எழுந்து நின்று வணங்கி, நாற்காலி போட்டு, பொருத்திய எண்ணை எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது என்ற ஆணையின் நகலை எடுத்துக் காட்டினார். மூன்றாவது தலைவரின் மகன்கள் அப்பாவின் வயதில் ஒத்துப்போகாமல் ஆளுக்கொரு முறை மாற்றச் சொல்லித் தொல்லை கொடுத்ததால் பிறந்த ஆணை அது. அடியில் இருந்தது என் கணவரின் கையெழுத்து. நாற்பத்தொரு நாளில் அவர் பிறப்பித்த ஒரே ஆணை. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்காணிப்பாளர் எனக்கு ஆறுதலாகச் சொன்னது இது: “விடுங்கம்மா, கொஞ்ச நாள் போனா அது தானாவே சரியாயிடும்.”

5. அடுத்த மூன்று மனுக்களும் கிணற்றில் போட்ட கல். இதற்கிடையில் பலகையைப் பார்த்துப் பாடநூலிலும் 84 என்று அச்சிட்டுவிட்டார்கள். ஏழாவது தலைவர் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தார் என்ற தேர்வுக் கேள்விக்கு என் பேத்தி ‘இன்னும் முடியவில்லை’ என்று எழுதி மதிப்பெண் இழந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சண்டை போட்டேன். புத்தகத்தில் இருப்பதைத்தான் திருத்த முடியும் என்றார் அந்த ஆசிரியை. நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவள்தான் என்பதால் வீடு திரும்பினேன்.

6. என் கணவர் இதை வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார். ஒருநாள் சுற்றுலாப் பயணிகளோடு வரிசையில் நின்று, ஏழாவது தலைவர் எப்படி இறந்தார் என்று தங்கள் மண்டப வழிகாட்டியிடம் கேட்டிருக்கிறார். தூக்கத்தில் அமைதியாக உயிர் பிரிந்தது என்று அவர் கூசாமல் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து, “பரவால்லடி, நல்ல சாவாத்தான் குடுத்திருக்காங்க” என்றார்.

7. அப்படி நடக்கவில்லை, ஐயா. பதினொரு நாள் மருத்துவமனையில் மூச்சுக்குப் போராடினார். கடைசிவரை நினைவு இருந்தது. அவர் காலமான மறுநாள் கண்காணிப்பாளர் தொலைபேசியில் துக்கம் விசாரித்தார். நல்ல மனிதர். பேசி முடிக்கும்போது, “இனிமே பலகையப் பத்தி நீங்க கவலைப்பட வேணாம்மா, இப்ப சரியாயிடுச்சுல்ல” என்றார். கோப்பையும் முடித்துவிட்டதாகச் சொன்னார்.

8. சரியாகவில்லை. பலகையின்படி என் கணவர் இல்லாத அந்த மூன்று ஆண்டுகளில் அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. கட்டு அவிழ்த்த அன்று, எட்டு ஆண்டுகளாகத் தொங்கும் சன்னல் திரை பச்சை என்று கண்டுபிடித்து, ‘என்னைக் கேட்காமல் ஏன் வாங்கினாய்’ என்று சண்டை பிடித்தார். சட்டைப் பொத்தான் தைக்கக் கற்றுக்கொண்டு, அறுந்தது அறாதது எல்லாவற்றையும் தைத்தார். அரசியலில் இருந்த காலமெல்லாம் வீட்டில் தங்காத மனிதர் அவர். ஐம்பத்தெட்டு ஆண்டு மணவாழ்வில் என்னோடு தினமும் இரவுச் சாப்பாடு சாப்பிட்டது அந்த மூன்று ஆண்டுகள்தான். நாட்டுக்கு அவர் கொடுத்ததை நான் திருப்பிக் கேட்கவில்லை. எனக்குக் கொடுத்ததைத் தங்கள் துறை எடுத்துக்கொள்ளக் கூடாது.

9. ஆகவே 84இல் உள்ள 4ஐக் கழற்றி 7ஐப் பொருத்துமாறும், இன்றைய தலைவர் பதவி விலகும் நாளில் அவருக்கும் உறை போட்டு வைக்காதிருக்குமாறும் வேண்டுகிறேன். எண் வார்த்து வர நான்கு மாதம் ஆகும் என்ற பதிலை நான் எதிர்பார்ப்பதால், எங்கள் வாசற்கதவில் இருந்த 7ஐக் கழற்றி இத்துடன் அனுப்பியுள்ளேன். புதுமனை புகுந்த ஆண்டில் அவரே திருகிய எண் அது. பலகை எண்களைவிட ஒரு விரற்கடை பெரிதாகத் தெரியும். தெரியட்டும். தபால்காரருக்கு எங்கள் வீட்டைத் தெரியும்; தாங்கள் பதில் எழுதினால் வந்து சேரும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
ஏழாவது நாட்டுத் தலைவரின் மனைவி

இடம்: தலைநகர்
நாள்: மார்ச் 19, செவ்வாய்க்கிழமை

இணைப்பு:
பித்தளை எண் 7 – ஒன்று.
திருகாணி – இரண்டு.