அப்பா செய்யாத வேண்டுதல்

யஸ்த்,
நவ்ரூஸ் புத்தாண்டின் ஆறாம் நாள்

அன்புள்ள கோல்னார்,

இங்கே நான் நலம். முழங்காலைத் தவிர உன் அப்பாவும் நலம். ஹாம்பர்க் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ கூப்பிட்டாலே அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார், இது அவர் காதில் விழக் கூடாது. கராமத் சித்தப்பாவின் மருமகன் நாளை உன் ஊருக்குத் திரும்புகிறார், அவரிடம் உறையை நன்றாக ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன்.

முழங்கால் டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். பண்டிகை முடிந்ததும், பதினான்காம் நாள் காலையே வாருங்கள், இப்போதிருக்கும் எடை ஒரு கிலோ ஏறியிருந்தாலும் கத்தியைத் தொடமாட்டேன், அப்புறம் இலையுதிர் காலத்தில்தான் என்று சொல்லிவிட்டார். அதுவும் யாரிடம்? பக்லாவா இனிப்பைக் கண்டால் கண் கலங்கும் மனிதரிடம். பண்டிகையின் முதல் நாள் எஸ்மத் அத்தை வீட்டுக்குப் போனோம். அப்பா நிஜமாகவே வேண்டாம் என்றார். நம் ஊரில் அதை யார் நம்புவார்கள்? “அண்ணா, தங்கச்சி வீட்டுலயே கூச்சமா?” என்று இரண்டு பக்லாவாவை வைத்தாள். மறுபடி வேண்டாம் என்றார், குரலில் உறுதி குறைந்திருந்தது. பாதாம் அடைத்த கொத்தாப் மூன்று வந்தது. நான் டாக்டர் பெயரை எடுத்தேன். “டாக்டர் கெடக்கான் அண்ணி, அவனும் இந்நேரம் யார் வீட்டுலயாவது தின்னுக்கிட்டுத்தான் இருப்பான்” என்றாள். இருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் அப்பா எடை மிஷினில் ஏறினார். முள் நகர்ந்திருந்தது. மிஷின் சரியில்லை என்று சொல்லி இறங்கிவிட்டார்.

மறுநாள் சித்தப்பா வீட்டில் தட்டு நெருங்கும்போது என் வாயிலிருந்து அது வந்துவிட்டது. கோல்னாருக்கு நல்ல இடம் நிச்சயமாகும் வரை இனிப்பைத் தொடுவதில்லை என்று இவர் வேண்டிக்கொண்டிருக்கிறார் என்றேன். சித்தப்பா நீட்டிய தட்டைத் தானே பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அங்கே வந்திருந்த எஸ்மத் அத்தை முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்து, “பெத்த பொண்ணுக்காக நாக்கைக் கட்டிப் போட்டிருக்காரே எங்க அண்ணன்!” என்றாள். மறுப்பை இங்கே யாரும் மதிப்பதில்லை. வேண்டுதலை மீற யாருக்கும் துணிவில்லை. காரில் உன் அப்பா, “நான் எப்போ தாஹெரே வேண்டிக்கிட்டேன்?” என்றார். “நீங்க வேண்டிக்கல, உங்களுக்காக நான் வேண்டிக்கிட்டேன்” என்றேன். பொய்யாகிவிடக் கூடாதே என்று அந்த நொடியே மனதுக்குள் நிஜமாகவும் வேண்டிக்கொண்டேன். ஆகவே கணக்கு சரி.

தட்டுகள் நின்றன. மாப்பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். பாவப்பட்ட மனிதரை எப்படியாவது விடுவிக்க வேண்டுமாம். ஒரு பல் டாக்டர். ஒரு பிஸ்தா வியாபாரி, முடி குறைவு, தோட்டம் பெரிது. பதின்மூன்றாம் நாள் எல்லோரும் வெளியே போகும்போது உனக்குக் கல்யாணம் கூடிவரட்டும் என்று உன் பெயரைச் சொல்லிப் புல்லில் முடிச்சுப் போடப்போவதாக அத்தை சபதம் எடுத்திருக்கிறாள். இந்தக் கடிதம் கொண்டுவருபவரின் பையில் அந்த இருவரின் படங்களும் வருகின்றன. மரியாதையாக வாங்கிக்கொள். அவர் போன பிறகு சிரி. எல்லோரையும்விட மோசம் உன் அப்பா. நேற்று பிஸ்தா வியாபாரிக்காக வாதாடினார். “முடியில்லன்னா என்ன, மனசு இருக்கே” என்றார். கண் மட்டும் சமையலறை அலமாரியில் இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெஹ்ரங்கைப் பற்றி என்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாய். அவர் பதின்மூன்றாம் நாள் அப்பாவைக் கூப்பிட்டு முறையாகப் பெண் கேட்கப்போவதாகவும் சொன்னாய். எனக்குச் சந்தோஷம். ஆனால் யோசித்துப் பார். அன்று கேட்டால் வேண்டுதல் அன்றே முடிந்துவிடும். தெருவே தட்டோடு வந்து நிற்கும். பதினொரு நாள் பட்டினி கிடந்த நாக்கு ஒரு வீட்டையும் ஏமாற்றாது. போன வாரம் மாடிப்படியில் பாதி ஏறி நின்றுவிட்டார். மேலே போக முடியவில்லை, இறங்கவும் மனமில்லை. “கோல்னார் கல்யாணத்துல நாற்காலில உக்காந்துதான் ஆளுங்கள வரவேற்கணுமா?” என்று கேட்டார்.

அதனால், எந்தத் தாயும் கேட்காததைக் கேட்கிறேன். அப்பா எப்படித் துருவிக் கேட்டாலும் யாருமில்லை என்று சொல். பெஹ்ரங் வாயைத் திறக்க வேண்டாம். பதினான்காம் நாள் டாக்டர் எடை பார்த்து, கட்டிலில் படுக்க வைத்ததும் உனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கிறேன். அதற்குப் பிறகு கேட்கட்டும். ஆஸ்பத்திரியில் உப்பில்லாத சூப்புதான், எஸ்மத் அத்தையை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. கடவுள் உனக்கு நல்ல துணையைத் தரட்டும், சீக்கிரமே தரட்டும். பதினான்காம் நாள் காலை பத்து மணிக்கு முன்னால் மட்டும் வேண்டாம்.

உன் முகத்தில் முத்தங்களுடன்,
அம்மா தாஹெரே