அப்பாவின் வாக்கும் காசிரானின் வாயும்

ப்ளாயென், குனுங்கிடுல்

அன்பு மகள் வெனிங்குக்கு அம்மா எழுதுவது. இறைவன் கருணையால் நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, நடுவில் சண்டையும் போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். ஜப்பானில் குளிர் விட்டதா, முதியோர் இல்லத்தில் இரவு வேலையைக் குறைத்தார்களா என்று தெரிந்தால் எங்களுக்கு நிம்மதி. இந்தக் கடிதத்தோடு சோயா தெம்பே அப்பளமும் நீ கேட்ட இருமல் தைலமும் வைத்திருக்கிறேன். அப்பளத்தைப் பிரித்ததும் டப்பாவில் போட்டு மூடிவிடு, நமத்துப் போகும்.

இங்கே எங்கும் தேர்தல் பேச்சுதான். நம் வாக்குச்சாவடிக்கு என்னைத் தலைவியாகப் போட்டுவிட்டார்கள். எனக்கு வயதாகிவிட்டது, வேறு யாரையாவது பாருங்கள் என்றுதான் சொன்னேன். நான் பாடம் நடத்திய பையன்கள்தானே எல்லாரும், "எங்களை வரிசையில நிக்க வெச்சுப் பழக்கினதே நீங்கதான் டீச்சரம்மா, இப்பவும் நீங்களே நிக்க வைங்க" என்று சிரித்துக்கொண்டே தலையில் கட்டிவிட்டார்கள். இந்தமுறை ஒரே நாளில் ஐந்து வாக்கு, ஐந்து நிறத்தில் ஐந்து தாள். அதிபருக்குச் சாம்பல் நிறம், நாடாளுமன்றத்துக்கு மஞ்சள், மற்ற மூன்றையும் இன்னும் நானே மாற்றி மாற்றிச் சொல்கிறேன். மஞ்சள் தாளைப் பிரித்தால் தொழுகைப் பாய் அளவு இருக்கிறது. மறைவிடம் என்று தேர்தல் ஆபீசில் தந்த அட்டைப்பெட்டியோ ஒரு ஆளின் தோள் அகலம்கூட இல்லை. அதற்குள் நின்று தாளை விரித்து, ஆயிரம் பெயரில் ஒரு பெயரைத் தேடி ஆணியால் குத்தி, வந்த மடிப்பிலேயே மறுபடி மடிக்க வேண்டும். எனக்கே தலை சுற்றுகிறது, பெரியவர்கள் என்ன செய்வார்கள்?

அதனால் ஊர்ச் சாவடியில் ஒத்திகை வைத்தோம். உண்மையான கட்சிப் பெயர் எதுவும் இருக்கக்கூடாது என்பதால் பழங்களைக் கட்சியாக்கினோம். டுரியான், பலா, மங்குஸ்தான், பப்பாளி, ரம்புத்தான் என்று பட்டியல். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்தில் பலாக்காரர்கள் ஒரு பக்கம், டுரியான்காரர்கள் ஒரு பக்கம் என்று ஊர் இரண்டாகிவிட்டது. ஒரு கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பப்பாளி ஜெயிச்சா நம்ம கிணத்துக்கு மோட்டார் வருமா டீச்சரம்மா?" என்று கேட்கிறார்.

எண்ணும்போதுதான் எனக்கு மனசு கலங்கியது. ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டையைக் காட்டிப் பழத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். ஒரு தாளில் மங்குஸ்தானில் ஓட்டை, பப்பாளியில் ஓட்டை, ரம்புத்தானில் ஒரு கிழிசல். தாளை முழுக்கப் பிரிக்காமல் குத்தியிருக்கிறார்கள். நான்காம் வகுப்பில் காகிதத்தை மடித்துக் கத்தரித்துப் பூ செய்வோமே, ஒரு வெட்டு வெட்டினால் பிரித்ததும் நாலு ஓட்டை வருமே, அதே கதைதான். ஆனால் அந்தக் கிழிசல் நடுங்குகிற கையால் வந்தது. யாருடையது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என் வேலை அது என்பதால் செல்லாது என்று உரக்கச் சொல்லிவிட்டேன். கடைசி வரிசையில் உன் அப்பா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மழைக்காலத்தில் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை அவர் சொன்னதைக் கேட்பதில்லை என்பது உனக்குத் தெரியும். சீட்டாடப் போவதை நிறுத்தினார், மசூதியில் முன் வரிசையில் நிற்பதை நிறுத்தினார். அன்று வீட்டுக்கு வந்ததும், "இந்த வருஷம் நான் ஓட்டுப் போட வரலை" என்று சொல்லிவிட்டார். அரசு ஊழியர்கள் யாருக்குப் போட வேண்டும் என்று மேலதிகாரியே சொல்லிவிடும் காலத்தில்கூட, உள்ளே போய் நான் குத்துவது என் விஷயம் என்று நிமிர்ந்து நடந்த மனுஷர். கல்யாணமான நாளிலிருந்து இதுவரை யாருக்குப் போட்டார் என்று எனக்கே சொன்னதில்லை. இதையும் விட்டுவிட்டால் பிறகு எதற்காக வீட்டை விட்டு வெளியே வரப்போகிறார்? கை முடியாதவர்கள் தமக்கு வேண்டிய ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம், அந்தத் துணை ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட வேண்டும் என்று விதியை எடுத்துச் சொன்னேன். தலைவி மேசையை விட்டு எழ முடியாது, ஆகவே நான் போக முடியாது. உன் பெரியம்மா மகனைச் சொன்னேன், இமாமைச் சொன்னேன். இரண்டு பேரையும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். பழைய காலண்டரில் ஆணியால் குத்திப் பழகச் சொன்னேன். செவ்வாய்க்குக் குறி வைத்தால் வெள்ளியில் விழுந்தது. இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு சிரிக்க முடியவில்லை.

போன ஞாயிறு இரண்டாவது ஒத்திகை. அப்பா நல்ல பாத்திக் சட்டை போட்டுக்கொண்டு வருகிறார், கையைப் பிடித்து அழைத்து வருவது யார் தெரியுமா? எதிர்வீட்டுக் காசிரான்! காவல் குடிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் அப்பாவோடு கத்திச் சண்டை போடுவாரே, போன தேர்தலுக்குப் பிறகு நோன்பு முடியும்வரை இருவரும் முகம் பார்க்கவில்லையே, அதே காசிரான். ஊரில் எந்தச் சேதியும் அவர் வாயில் ஒரு வேளை தங்காது, அதிலும் பாதி அவரே சேர்த்தது. நன்றாக யோசித்துத்தான் செய்கிறீர்களா என்று மெல்லக் கேட்டேன். "ஃபாரத்தைக் குடு ருக்மி" என்றார் அப்பா. காசிரான் கையெழுத்துப் போட்டார். இருவரும் அட்டைக்குப் பின்னால் போனதும் ரகளை. "மடிப்பை முழுசாப் பிரிய்யா" என்று ஒரு குரல், "கைய அழுத்திப் பிடி போதும், ஆணி என்னுது" என்று இன்னொரு குரல். வெளியே வந்து விரலை மையில் முக்கிவிட்டு, இருவரும் ஒரே தட்டில் வெட்டுக்கிளி வறுவல் தின்றார்கள்.

ஒத்திகைதானே என்று என்னால் ஆவலை அடக்க முடியவில்லை. யாருக்குப் போட்டார் என்று காசிரானைச் சாடையாகக் கேட்டேன். அந்த மனுஷர் சாவடியே அதிர, "டீச்சரம்மா, உங்க வீட்டுக்காரர் டுரியானுக்குக் குத்திட்டாரு! என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாற்பது வருஷம் என்னிடம் சொல்லாததை இந்த ஓட்டை வாயரிடம் கொடுத்தாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தோடே எண்ண உட்கார்ந்தேன். பலா, பப்பாளி, பலா, மங்குஸ்தான். ஒரு தாளிலும் கிழிசல் இல்லை, ஒன்றுகூடச் செல்லாமல் போகவில்லை. கடைசித் தாளும் முடிந்தது. சுவரில் ஒட்டிய பெரிய தாளில் டுரியானுக்கு நேரே ஒரு கோடுகூட இல்லை. முதல் ஒத்திகையில் ஜெயித்த டுரியான்காரர்கள் விருந்து வைக்கவில்லை என்று ஊரே அதைக் கைவிட்டிருக்கிறது. நான் காசிரானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துப் பல் குத்திக்கொண்டிருந்தார். உன் அப்பா பாதி வாயால் சிரித்துக்கொண்டிருந்தார், மழைக்காலத்துக்குப் பிறகு நான் பார்க்காத சிரிப்பு.

வீட்டுக்கு வரும் வழியில், அவரை ஏன் பிடித்தீர்கள் என்று கேட்டேன். "அவன் உண்மையைச் சொன்னாலும் ஊர்ல எவனும் நம்ப மாட்டான். நீ ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் நம்பிடுவாங்க" என்றார். இது எனக்குப் பாராட்டா திட்டா என்று இன்றுவரை குழம்பிக்கொண்டிருக்கிறேன். நீயாவது யோசித்துச் சொல். ஆனால் தேர்தல் அன்று வரப்போகிறார், சட்டையைத் தேய்த்து வைக்கச் சொல்லிவிட்டார், எனக்கு அது போதும்.

உனக்கு வாக்குத்தாள் தபாலில் வரும். கட்டிலில் வைத்துக் குத்தாதே, மேசையில் முழுவதும் விரித்து, கீழே தடித்த துணி போட்டுக் குத்து. கடைசி நாள்வரை வைத்துக்கொண்டிருக்காமல் உடனே அனுப்பு. வேலை முடிந்ததும் வெந்நீரில் கால் வை. நீ நீண்ட ஆயுளோடும் நல்ல துணையோடும் வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். யாருக்குப் போட்டாய் என்று எவர் கேட்டாலும், நானே ஆசை தாங்காமல் கேட்டாலும், டுரியான் என்று சொல்லிவிடு.

உன் அம்மா,
ருக்மியாத்தி