அம்மாவின் துப்பாக்கிப் பிடி

மார்ச் 3
பயிற்சித் திடலில் அம்மாவின் துப்பாக்கி உடைந்தது. குழல் வாயில் மருந்து திணித்துச் சுடும் பழங்காலத்துக் கைத்துப்பாக்கி. சுட்ட வேகத்தில் மரப்பிடி பிளந்து, ஒரு சிலாம்பு உள்ளங்கையில் ஏறிவிட்டது. ஓய்வுபெற்ற நர்ஸ் அல்லவா, தானே பிடுங்கிக் கட்டுப் போட்டுக்கொண்டாள். உடைந்த துண்டுகளை நான் பொறுக்கித் துணியில் முடிந்துகொண்டேன்.

மார்ச் 4
"இந்த வயசுல எனக்கு எதுக்கு இதெல்லாம்? கை நடுங்கியிருக்கும், ஏடாகூடமா அழுத்திப் பிடிச்சிருப்பேன். அடுத்த மாசப் போட்டியிலேர்ந்து என் பேரை எடுக்கச் சொல்லிடு."
சரி என்றேன். ஆனால் போட்டிக்காரர்களிடம் சொல்லவில்லை.

மார்ச் 6
பழைய துப்பாக்கிகளைச் செப்பனிடுவதுதான் என் தொழில். பட்டறையில் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு உடைந்த துண்டுகளை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். பிளவின் முக்கால் பாகம் கருப்பு. எண்ணெயும் புகையும் ஊறிய கருப்பு. ஓர் ஓரத்தில் மட்டும்தான் புதிதாகப் பிளந்த மரத்தின் வெளிர் நிறம். அப்படியென்றால் விரிசல் எந்தக் காலத்திலோ விட்டது! பிடி வளையும் இடத்தில் மரத்தின் நார் குறுக்கே ஓடுகிறது. இத்தனை காலம் தாங்கியதே பெரிது.

அம்மாவை அழைத்துக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எக்ஸ்ரே பார்ப்பதுபோல் பார்த்தாள்.
"அப்போ என் கை இல்லையா?"
"கை இல்லம்மா. கட்டை."
எழுந்துபோய் இருவருக்கும் காபி போட்டு வந்தாள். பேரை எடுக்கிற பேச்சே இல்லை.

மார்ச் 9
மாட்டுக் கொம்பில் பிடி போடு, பளபளன்னு இருக்கும் என்கிறாள் அம்மா. கொம்பைப் பூச்சி அரிக்கும், வெயிலில் முறுக்கிக்கொள்ளும். பழைய பிடிகளில் பார்த்திருக்கிறேன், தந்தமும் காய்ந்தால் வெடிக்கும். "ஷோகேஸ்ல வைக்கணுமா, சுடணுமா?" என்றேன். "சுடணும்." அப்படியென்றால் வால்நட் மரம்தான். போட்டி விதியும் முதலில் இருந்தபடியே மரத்தைத்தான் கேட்கிறது.

மார்ச் 14
கிளை பிரிகிற இடத்துத் துண்டு ஒன்று கிடைத்தது. நாரே வளைந்து ஓடுகிறது, பிடி வளைய வேண்டிய அதே வாக்கில். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 22
ஒட்டு முடிந்தது. பழைய மரத்தையும் புதியதையும் நீளச் சாய்வாகச் சீவிப் பொருத்தினேன். நகத்தால் தடவினாலும் ஒட்டு தட்டுப்படவில்லை. அம்மா கைக்கு அளந்து செதுக்கியது. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆனால் சொல்லிக்கொள்கிறேன் — அருமையான வேலை.

மார்ச் 23
துப்பாக்கியைச் சட்டத்தில் கட்டி, தள்ளி நின்று, விசையில் கட்டிய கயிற்றை இழுத்துச் சுட்டுப் பார்த்தேன். மருந்து தீரும்வரை. ஒட்டு அசையவில்லை. அதன் பிறகே அம்மா கையில் கொடுத்தேன்.

ஏப்ரல் 6
போட்டி. அம்மாவுக்கு நாலாவது இடம். பதக்கம் இல்லை. ஆனாலும் அவள் நின்ற நிலை! தோள் ஆடவில்லை, மணிக்கட்டு ஆடவில்லை. அதுதான் என் அம்மா என்று பக்கத்தில் இருந்தவரிடம், அவர் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தேன்.
பிடி உடைந்த கதையைக் கேள்விப்பட்டிருந்த நடுவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒட்டுன இடம் எதும்மா?"
"எனக்கே தெரியல சார். என் பொண்ணு செஞ்சது, அவளைக் கேளுங்க."
அவ்வளவுதான் சொன்னாள். நான்தான் போய் ஒட்டின இடத்தை விரலால் காட்டினேன்.

ஏப்ரல் 20
நடுவர் தன் சொந்தத் துப்பாக்கியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். பிடியில் மயிரிழை விரிசல். அம்மா பார்க்கவில்லை, திடலுக்குப் போய்விட்டாள். தன்கூட நர்ஸாக இருந்த இரண்டு பேரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். மத்தியானச் சோற்றுக்குக் காத்திருக்க வேண்டாமாம்.