சாம்பல் சிறகனின் மனைவி

மார்ச் 4, செவ்வாய்

கடையில் கூட்டம் இல்லை. லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் மறுபடியும் முனகுகிறது. மத்தியானம் அக்கா போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் ஒருவரைப் பார்க்க வேண்டுமாம். பல்செட் செய்கிறவராம். சொந்தப் பல்லும் வரிசையாக இருக்கிறதாம்.

"இந்த வயசுல இதுக்கு மேல என்னடி வேணும்?" என்றாள்.

கண்ணாடிக் கடைக்காரிக்குப் பல்காரர். காதுக்கும் மூக்குக்கும் ஆள் கிடைத்தால் ஆஸ்பத்திரியே வைத்துவிடலாம்.

மார்ச் 9, ஞாயிறு

பல்காரர் பஸ்ஸில் வந்தார். காபிக் கடையில் உட்கார்ந்தோம். சம்பளம், சமையல் எதையும் கேட்கவில்லை. "சாம்பல் சிறகன் படிச்சிருக்கீங்களா?" என்றார். சின்ன வயதில் கார்ட்டூனாகப் பார்த்திருக்கிறேன் என்றேன். முகம் விழுந்துவிட்டது.

"அது சிறகனே இல்லைங்க."

காபி ஆறும்வரை விளக்கினார். அசல் காமிக்ஸில் சிறகன் பகலில் வங்கிக் குமாஸ்தா. இருட்டினால் இறக்கை முளைத்து ஊரைக் காப்பாற்றப் போய்விடுவான். மனைவிக்கு விஷயம் தெரியாது. நான் பார்த்த கார்ட்டூனில் மனைவியே கிடையாது. பேசும் கிளி ஒன்று உண்டு.

"பொண்டாட்டியை எடுத்துட்டுக் கிளியை வெச்சுட்டாங்க," என்றார், சொந்தக்காரர் வீட்டில் நடந்த அநியாயம் மாதிரி.

எப்படி இருந்தது என்று அக்கா கேட்டாள். கிளியைப் பற்றி மனம் வருந்தினார் என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

ஒரு பை நிறையக் காமிக்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டுக்கு வந்து நாலைந்து படித்தேன். சிறகன் தோள்பட்டை பிசகி வீட்டுக்கு வருகிறான். வங்கி மாடிப்படியில் வழுக்கிவிட்டது என்கிறான். மனைவி தைலம் தேய்க்கிறாள். அடுத்த புத்தகத்தில் முழங்கால். மறுபடியும் மாடிப்படி, மறுபடியும் தைலம். அந்த வங்கியில் ஒருவரும் படிக்கட்டைச் சரிசெய்ய மாட்டார்களா?

மார்ச் 20, வியாழன்

சிறகனை வைத்துப் புதிதாக எடுத்திருக்கும் கார்ட்டூன் தொடரையும் பார்த்தேன். இதில் மனைவி உண்டு. மூன்றாவது பாகத்திலேயே மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். "அதான் தலையணை உறையெல்லாம் சாம்பலா?" என்கிறாள் அவள். எனக்குப் பிடித்திருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

பூங்கா பெஞ்சில் வாக்குவாதம். மாடிப்படியையும் தைலத்தையும் கிண்டல் செய்துவிட்டு, புதிய கார்ட்டூன்தான் ஒசத்தி என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"சொல்லிட்டா அப்புறம் கதை ஏதுங்க? அவ பாதுகாப்புக்காகத்தானே மறைக்கிறான்."

"அவ பாதுகாப்புக்கா? சொன்னா போயிடுவாளோன்னு பயம். பயந்தாங்கொள்ளிக்கு எதுக்கு இறக்கை?"

சிரிப்பார் என்று நினைத்தேன். மடியிலிருந்த புத்தகத்தின் மடங்கிய முனையை நீவிக்கொண்டே இருந்தார்.

"எனக்கு வலிப்பு வருங்க," என்றார்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டாம். மாத்திரையில் அடங்கியிருக்கிறதாம். கடைசியாக வந்து சில வருஷம் ஆகிறதாம். வண்டி ஓட்டாததும் அதனால்தான். கல்யாணத்துக்கு அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கலாம் என்று அவருடைய அம்மா சொன்னார்களாம்.

நான் "ஓ" என்றேன். அவ்வளவு வாய் பேசியவள், கடைசியில் "ஓ". பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அது எங்கள் பக்கம் போகிற பஸ்ஸே இல்லை.

மார்ச் 24, திங்கள்

கடைக்கு வந்த ஒரு அம்மாவுக்கு வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மா தூணில் மோதிக்கொண்டார்.

எதுக்குக் கோவம் எனக்கு? நோய்க்கா? இல்ல. நான் பாட்டுக்கு மாடிப்படி, தைலம்னு கிண்டல் பண்ணிட்டு இருந்திருக்கேன் — அந்த மனுஷன் ஒவ்வொரு தடவையும் என் வாயையே பார்த்துட்டு இருந்திருக்கார், எந்தச் சிறகனைப் பிடிக்கும்னு சொல்லப் போறேன்னு. எனக்குப் பரீட்சை வெச்சாரா? இல்ல, பயந்துட்டு இருந்தாரா?

எனக்கும்தான் பயமா இருக்கு.

மார்ச் 29, சனி

அக்காவிடமும் அம்மாவிடமும் சொன்னேன்.

"நல்லவேளை, முன்னாடியே தெரிஞ்சுது," என்றாள் அக்கா.

"அவர் சொன்னதாலதானே தெரிஞ்சுது."

"யார் சொன்னா என்ன? வேண்டாம், விட்டுடு. நாளைக்கு நடுரோட்டுல விழுந்தா நீதான் தூக்கணும்."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "வந்தா என்ன பண்ணணுமாம்?" என்றாள். தெரியாது என்றேன். "அதைக் கேக்காம வேற என்னத்தைக் கேட்டுட்டு வந்தே?"

கிளியைப் பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 5, சனி

அவர் வேலை பார்க்கும் இடத்துக்குப் போனேன். அலமாரி முழுக்கப் பல்வரிசைகள், ஆளில்லாமல் இளித்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் எழுந்தார். முகத்தில் மாவு மாதிரி வெள்ளைத் தூள்.

"வலிப்பு வந்தா நான் என்ன பண்ணணும்?" என்றேன்.

வாயால் சொன்னால் போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். தரையில் படுத்தே காட்டினார். எந்தப் பக்கம் புரட்டுவது, தலைக்கு என்ன வைப்பது, எப்போது ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது. நான் குனிந்து ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். கனம்தான்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "என்னப்பா, பல்லு ஏதாவது கீழ விழுந்துடுச்சா?"

"இல்ல சார். கல்யாண விஷயம்," என்றார் இவர், படுத்தபடியே.

நான் மறுத்துப் பேசவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

சிறகன் இப்போது முழுநீளக் கார்ட்டூன் படமாக வந்திருக்கிறான். இவருக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். படுங்கள் என்றால் கேட்கவில்லை. மத்தியானம் போர்வையோடு டிவி முன்னால் உட்கார்ந்து, இறக்கையின் நிறம் தப்பு, குரல் தப்பு என்று சொல்லிக்கொண்டே வந்தார். திடீரென்று பேச்சு நின்றது. கை விறைத்தது.

மேஜையைத் தள்ளினேன். புரட்டினேன். போர்வையைச் சுருட்டித் தலைக்கடியில் வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். அது நின்றுவிட்டதோ என்று தோன்றியது. ஓடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். அடங்கின பிறகு வாயோரத்தைத் துடைத்துவிட்டு, பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

வெகுநேரம் கழித்து, "படம் எதுவரைக்கும் போச்சு?" என்றார்.

"முடிஞ்சுபோச்சு."

"பொண்டாட்டிகிட்ட சொல்றானா?"

"தெரியாது. நான் எங்க பார்த்தேன்?"

என் முகத்தையே பார்த்தார். "பயந்துட்டியா?"

"ஆமா."

தலையணை கொண்டுவந்து வைத்துவிட்டு, படத்தை முதலிலிருந்து போட்டேன். பெயர்கள் ஓடி முடிவதற்குள் தூங்கிவிட்டார். சத்தத்தைக் குறைத்துக்கொண்டு நான் மட்டும் பார்த்தேன்.

சொல்லிவிடுகிறான். மற்றபடி படம் சுமார்.