குமரேசன் மாமா பதினோரு விநாடி நின்றார்

ஆரணி
வியாழக்கிழமை காலை

அன்பு மகள் உதயாவுக்கு,

நேற்று மதியம் 2.47க்கு உன் செய்தி வந்தது. ஒசாகாவில் 6.17 ஆகியிருக்கும், ஆபீஸ் விட்டு ரயிலில் வரும்போது அடித்திருப்பாய். நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருக்க வேண்டும், இங்கே நானும் மாமாவும் அத்தையும் தெம்பாகவே இருக்கிறோம். மாமாவுக்கு இனிமேல் இடது கால் வராது, வெள்ளிக்கிழமை ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு ஊருக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். கொடுக்காதே. முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் என்மேல் கோபப்படு.

போன வாரம் மாமாவின் பிசியோதெரபி ரிப்போர்ட்டை உனக்கு அனுப்பியது என் தப்பு. பக்கவாதம் வந்து நாலு மாதம் ஆன ஆளை பிசியோதெரபி சென்டரில் ஒரு மெஷின்மேல் நிற்க வைக்கிறார்கள் என்று சொன்னேன் அல்லவா, காலுக்கு ஒன்றாக இரண்டு பலகை, எதிரே திரை. இரண்டு காலிலும் எடை சமமாக இருந்தால் திரையில் புள்ளி நடுவட்டத்தில் நிற்கும், ஒரு பக்கம் சாய்ந்தால் புள்ளியும் அந்தப் பக்கம் ஓடும், அதைப் பார்த்துப் பார்த்து உடம்பு தானே திருத்திக்கொள்ள வேண்டும். மூன்று வாரமாக மாமாவின் புள்ளி வலதும் இடதுமாக ஆடிக்கொண்டே இருந்ததால் பிசியோ பொண்ணு சூர்யகலா, கட்டுப்பாடு இல்லை என்று எழுதிவிட்டது. நேற்று மெஷினில் இருந்த பதிவை என் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். தள்ளாடுகிற ஆளுக்கு புள்ளி ஓடிய கோடு கோணல்மாணலாக வரும், இது கடிகாரம் மாதிரி ஒரே சீராக வந்தது. சென்சார் கோளாறு என்று நினைத்து நானே ஏறி நின்று பார்த்தேன், மெஷின் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் திரையை விட்டுவிட்டு மாமாவின் காலைப் பார்த்தேன். ஒன்றை அமுக்கும்போது மற்றதைத் தளர்த்துகிறார், மறுபடி மாற்றி. சேலையில் பூ விழவைக்கிற ஜக்கார்டுக்கு எலக்ட்ரானிக் போர்டு மாட்ட எத்தனை தறி வீட்டுக்குப் போயிருக்கிறேன், எனக்கே மூன்று வாரம் கழித்துத்தான் உறைத்தது. என்னா மச்சான் தறி ஓட்டிகினு இருக்கியா என்று கேட்டேன். இருபது வருஷம் தறியில மிதி மிதிச்சவன்கிட்ட ரெண்டு பலகைய குடுத்து காலு வைன்னா வேற இன்னா பண்ணுவான் என்கிறார் மாமா, வாய் இன்னும் கொஞ்சம் குழறுகிறது, கொழுப்பு குறையவில்லை. அத்தை சும்மா இருப்பாளா, மூணு வாரமா நூலே இல்லாம நெய்ஞ்சிகினு இருந்திருக்காரு, எனக்கு ஒரு முந்தானையாவது தேறுமா கேளுங்கண்ணா என்றாள். சூர்யகலாவுக்குத்தான் முகம் வாடிவிட்டது, சார் நான் ஸ்கிரீனையே பாத்துகினு இருந்துட்டேன், அவரு காலைப் பாக்கவே இல்ல என்றது.

இதில் கவனிக்க வேண்டியது என்ன தெரியுமா, மிதிக்கும்போது இடது காலில் 31 கிலோ விழுகிறது, மாமாவின் மொத்த எடையே 64. வராது என்று நீ அழுத கால் அதுதான். இழை அறுந்தா இன்னா பண்ணுவ மச்சான் என்று கேட்டேன். மிதிய நிறுத்தி ரெண்டு காலையும் சமமா வச்சிகினு முடிச்சி போடுவேன் என்றார். சரி இப்ப அறுந்துடுச்சி என்றேன். பிடித்துக்கொள்ள வைத்திருக்கிற கம்பியைத் தொடாமல் பதினோரு விநாடி புள்ளி நடுவில் நின்றது, அடுத்த தடவை பத்தொன்பது. நடக்க இன்னும் மூன்று மாதமாவது ஆகும், விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சூர்யகலா சொல்கிறது. ஆகட்டும், மாமா நடப்பார், எனக்குச் சந்தேகமே இல்லை.

நீ மாமாவுக்காக மட்டும் கிளம்பவில்லை என்பதும் தெரியும். அம்மா போய் ஏழு மாதத்தில் அப்பா ஒரு தடவைகூட அழவில்லை என்று அத்தை உன்னிடம் சொல்லியிருக்கிறாள். உண்மைதான். பானு போன மணி நிமிஷத்தோடு ஞாபகம் இருக்கிறது, அதற்கு மேல் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. காலையில் எழுகிறேன், இட்லி வாங்கிவந்து சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். இதற்கு மெஷின் இல்லை. நீ வேலையை விட்டு வந்தால் என்கூட நீயும் இப்படி உட்கார்ந்திருப்பாய், அவ்வளவுதான். பொங்கலுக்கு லீவு போட்டு வா, வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போ.

படவேடு அம்மன் உனக்குத் துணை இருப்பாள், நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். மாமாவுக்கு பிரஷர் இருந்ததை யாரும் பார்க்காமல் விட்டோம், நீ இந்த மாதமே ஒரு தடவை பார்த்துக்கொள், மறக்காதே. இதை லேப்டாப்பில் அனுப்புகிறேன். அவசரம் என்றால் அத்தை நம்பருக்குப் பேசு, என்னைக் கூப்பிடாதே. உன் குரலைக் கேட்டால் வந்துவிடும்மா என்று சொல்லிவிடுவேன், அதனால் நாளை சாயங்காலம் உன் ஆபீஸ் மூடுகிற வரைக்கும் ஃபோனை அணைத்து வைத்துவிட்டேன்.

உன் அப்பா
அருணகிரி