லைட்டு எரியுதா?

அன்புள்ள சாம்சன்,

உம் அலுவலகத்தில் கிளவுட் வேலைக்கு நீர் கூப்பிட்டு ஒரு வாரமாகிறது. இந்த வயதில் புதிதாகப் படித்து அதற்கான தேர்விலும் முன்பே தேறிவிட்டேன். ஆனாலும் சம்மதம் சொல்லத் துணிவு வரவில்லை.

சங்கரன்கோவில் ஜவுளிக்கடைகளில் நாம் நெட்வொர்க் கேபிள் இழுத்த நாட்களே நினைவில் ஓடுகின்றன. நீர் மாடியிலிருந்து, "அண்ணாச்சி, லைட்டு எரியுதா?" என்று கத்துவீர். நான் கீழே, இணைப்பு வந்தால் நெட்வொர்க் சுவிட்ச் பெட்டியில் எரியும் சின்னப் பச்சை விளக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "எரியுத மாதிரிதான் இருக்கு" என்பேன்.

"மாதிரியா? எரியுதா இல்லையா, சொல்லும் வே!"

கடையே சிரிக்கும்.

நேற்று, கிளவுட்டில் எங்கோ இருக்கும் சர்வரை வீட்டிலிருந்தே இயக்கினேன். சரியாகவே ஓடியது. சந்தோஷம்தான். ஆனால், எரியுதா என்று கேட்க ஆளில்லை.

நீர் தருவதாகச் சொன்ன தனி அறை எனக்கு வேண்டாம். உம் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுவீரானால், திங்கட்கிழமை வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உமது கீழ்த்தளத்து ஆள்